சிக்னிஃபிகன்ட் ஃபிகர்ஸ்: திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்கள்

லேப்ல ரெக்கார்ட் நோட்டு திருத்தும்போது ஒவ்வொரு பேட்ச்சும் இதே கேள்விகளைத்தான் கேக்குறாங்க. பக்கத்துல உக்கார வெச்சு சொன்னா அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிடுது, ஆனா அடுத்த வாரம் வேற எண்ணப் பாத்ததும் மறுபடி குழப்பம் வந்துடுது. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய எழுதி பதிலையும் ஒரே இடத்துல போட்டிருக்கேன். மேலேருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில் எல்லாம் முன்னாடி சொன்னத வெச்சுத்தான் போகுது.

சிக்னிஃபிகன்ட் ஃபிகர்ஸ்னா என்னன்னு சிம்பிளா சொல்லுங்க, புக்ல ரூல்ஸ் மட்டும்தான் இருக்கு

தமிழ் மீடியம் புக்ல முக்கிய எண்ணுருக்கள்னு போட்டிருப்பாங்க, பேச்சுல எல்லாரும் சிக் ஃபிக்னு சுருக்கிடுவாங்க. ஒரு அளவ எழுதறோம்ல, அந்த எண்ணுல எந்தெந்த இலக்கம் நிஜமா அளந்ததால கிடைச்சதோ அதெல்லாம் சிக்னிஃபிகன்ட். கடைசி இலக்கம் ஒண்ணத் தவிர மத்ததெல்லாம் உறுதியா தெரிஞ்சது, கடைசி மட்டும் கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம். 4.63 செ.மீ.ன்னு எழுதினா 4லயும் 6லயும் சந்தேகமே இல்ல, 3 மட்டும் 2ஆவோ 4ஆவோ இருக்க வாய்ப்பு உண்டுன்னு படிக்கிறவங்க புரிஞ்சுப்பாங்க. மொத்தம் மூணு சிக் ஃபிக்.

ரூல்ஸ் எல்லாமே இந்த ஒரு விஷயத்துலேருந்து வந்ததுதான். ரூல் மறந்துபோச்சுன்னா "இந்த இலக்கத்த என் கருவி பாத்துச்சா இல்லையா"ன்னு கேளுங்க, பாதி சந்தேகம் அங்கேயே தீந்துடும்.

5, 5.0, 5.00 எல்லாம் ஒண்ணுதானே, எதுக்கு சும்மா ஜீரோ போட்டுட்டு?

கணக்குப் பாடத்துல ஒண்ணுதான், அளவுல ஒண்ணு இல்ல. 5 கிராம்னு எழுதினா அது 4.5லேருந்து 5.5 வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம்னு அர்த்தமாகுது. 5.00 கிராம்னா 4.995க்கும் 5.005க்கும் நடுவுல இருக்குன்னு சொல்றீங்க. அந்த ரெண்டு ஜீரோவும் நீங்க அளந்து பாத்த ஜீரோ, பேலன்ஸ் (எடை பாக்கற கருவி) அந்த இடத்துல 3 காட்டியிருந்தா 5.03ன்னு எழுதியிருப்பீங்கல்ல, ஜீரோ காட்டினா மட்டும் ஏன் விட்டுடணும்?

கால்குலேட்டர் இந்த விஷயத்துல நம்மள ஏமாத்தும், 2.50ஐ 2.00ஆல பெருக்கினா வெறும் 5ன்னு காட்டும். ஸ்ப்ரெட்ஷீட்லயும் 2.50ன்னு அடிச்சா அதுபாட்டுக்கு 2.5ன்னு சுருக்கிடும், செல் ஃபார்மேட்டப் போய் நீங்கதான் மாத்தணும். ரெண்டுக்கும் எண்ணோட மதிப்பு மட்டும்தான் தெரியும், அத நீங்க எப்படி அளந்தீங்கன்னு தெரியாது.

ஸ்கேல்ல கோடே இல்லாத இடத்துல நானா யூகிச்சு ஒரு எண் எழுதறது தப்பில்லையா?

தப்பில்ல, அத எழுதாம விடறதுதான் தெரிஞ்சத மறைக்கிற மாதிரி. பியூரெட்ட எடுத்துக்கோங்க, திரவத்த அளந்து விடற கண்ணாடிக் குழாய், அதுல எண் மேலேருந்து கீழ கூடிட்டே போகும். கண்ண நீர்மட்டத்துக்கு நேரா வெச்சுப் பாருங்க, பள்ளமா வளைஞ்சு நிக்கிற மட்டத்தோட அடிப்பகுதி 24.3 கோட்டத் தாண்டி இறங்கியிருக்கு, ஆனா 24.4 கோட்டத் தொடல. நடுவுல பாதியத் தாண்டி ஒரு பொட்டு கீழ இருக்க மாதிரி தெரியுது. 24.36 மி.லி.ன்னு எழுதறீங்க. பக்கத்துல நிக்கிறவர் பாத்தா 24.35ன்னு சொல்லலாம், 24.37ன்னும் சொல்லலாம், ஆனா 24.31ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அப்போ அந்த 6லயும் விஷயம் இருக்குதானே, அதனால அது நாலாவது சிக் ஃபிக்.

கோடு போட்ட கருவின்னா ரெண்டு கோட்டுக்கு நடுவுல பத்துல ஒரு பங்கு வரைக்கும் கண்ணால மதிப்பிடுங்க. வெர்னியர்ல (கூடவே நகர்ற ஒரு சின்ன ஸ்கேல் இருக்க கருவி) அது தேவையில்ல, பொருந்துற கோடுதான் கடைசி இலக்கத்தக் கொடுக்குது, லீஸ்ட் கவுண்ட், அதாவது கருவி காட்டுற மிகச் சின்ன அளவு, 0.01 செ.மீ.ன்னா அதோட நிறுத்திக்கோங்க. சில லேப்ல சாதா ஸ்கேலுக்கும் மில்லிமீட்டரோட நிறுத்தச் சொல்லுவாங்க, அங்க அந்த வழக்கப்படியே போங்க, ஆனா ரெக்கார்ட் முழுக்க ஒரே மாதிரி இருக்கணும்.

அப்போ டிஜிட்டல்னா பிரச்சனையே இல்ல, ஸ்க்ரீன்ல வர்றத அப்படியே எழுதிடலாம்ல?

பேலன்ஸுக்கு பெரும்பாலும் ஆமா. 12.40ன்னு காட்டினா 12.40தான், 12.4 இல்ல. கடைசி இலக்கம் ஆடிக்கிட்டே இருந்தா கொஞ்சம் பொறுத்திருந்து நின்னதும் எழுதுங்க.

ஆனா ஸ்டாப்வாட்ச்ல கவனமா இருங்க, இங்கதான் நெறைய பேர் விழறாங்க. ஊசல் 20 தடவ ஆட ஆன நேரம் 32.57 வினாடின்னு ஸ்க்ரீன் காட்டுது. கடிகாரம் நூத்துல ஒரு பங்கு வினாடிய எண்ணுது, சரி, ஆனா பட்டன அமுக்கினது உங்க விரல். பாத்து அமுக்கறதுக்கே மனுஷனுக்கு சுமார் 0.2 வினாடி ஆகும். அப்போ அந்த 7க்கு அர்த்தமே இல்ல, 5ஏ சந்தேகத்துல இருக்கு, 32.6ன்னு எழுதறதுதான் சரி. ஸ்க்ரீன் காட்டுறது கருவியோட எல்லை மட்டும்தான், அளவோட எல்லைல நீங்களும் சேத்தி.

இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. ஒரே ஒரு ஆட்டத்த மட்டும் அளந்திருந்தா 1.6 வினாடி, அதுல 0.2 முன்னபின்ன, ரெண்டாவது இலக்கமே தடுமாறுது. 20 ஆட்டத்த அளந்து 20ஆல வகுத்தா 1.63 வினாடி, அந்த 0.2வும் 20ஆல வகுபட்டு 0.01 ஆயிடுது. அதே கை, அதே வாட்ச், ஆனா ஒரு இலக்கம் கூடுதலா உண்மையாவே கிடைச்சிடுச்சு. 20 ஆட்டம் எண்ணச் சொல்றது ஏன்னு இதுவரைக்கும் யாரும் உங்களுக்கு சொல்லலைன்னா, இதுதான் காரணம்.

ஜீரோல எத எண்ணணும் எத விடணும், எனக்கு எப்பவுமே மாறிப்போகுது

ரெண்டு இலக்கத்துக்கு நடுவுல மாட்டின ஜீரோ எப்பவும் கணக்குல உண்டு, 4.007ல நாலு சிக் ஃபிக். முன்னாடி வர்ற ஜீரோ எப்பவும் கணக்குல இல்ல, 0.00420ல இருக்க முதல் மூணு ஜீரோவும் புள்ளிய எடத்துல நிறுத்தி வைக்க மட்டும்தான். அதையே மில்லி யூனிட்ல எழுதினா 4.20 ஆயிடும், முன்னாடி இருந்த ஜீரோ காணாமப் போயிடும், ஆனா கடைசி ஜீரோ அப்படியே நிக்கும். யூனிட்ட மாத்தினா ஓடிப்போற ஜீரோ சிக்னிஃபிகன்ட் இல்லன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. தசமப் புள்ளிக்கு அப்புறம் கடைசில வர்ற ஜீரோ கணக்குல உண்டு, காரணம் 5.00 கேள்விலயே சொல்லிட்டேன். ஆக 0.00420ல மூணு.

சரி, 1500ல எத்தனை? ஒருத்தர் 2ங்கறார், ஒருத்தர் 4ங்கறார்

ரெண்டு பேருமே சரியா இருக்கலாம், எழுதினவர்தான் சொல்லணும். புள்ளி இல்லாத முழு எண்ணோட கடைசில வர்ற ஜீரோ அளந்ததா, இடத்த நிரப்ப வந்ததான்னு எண்ணப் பாத்து கண்டுபிடிக்கவே முடியாது. பரீட்சைல வேற தகவல் இல்லன்னா 2ன்னு எடுத்துக்கறது பொதுவான வழக்கம். சில புக்ல அளவுக்கு யூனிட் இருந்தா ஜீரோவையும் சேத்து எண்ணச் சொல்றாங்க, அதனால உங்க புக்ல என்ன சொல்லியிருக்குன்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.

இந்தக் குழப்பம் இன்னிக்கு நேத்து வந்ததில்ல. எவரெஸ்ட்டோட உயரத்த 1856ல 29,002 அடின்னு அறிவிச்சாங்க. கணக்குல சரியா 29,000ன்னுதான் வந்துச்சுன்னும், அப்படியே சொன்னா குத்துமதிப்பா ரவுண்ட் பண்ணிட்டாங்கன்னு ஜனங்க நெனைப்பாங்கன்னு ரெண்டு அடி சேத்துட்டாங்கன்னும் காலங்காலமா சொல்லிட்டு வர்றாங்க. அது நிஜமோ இல்லையோ, கஷ்டம் நிஜம். ஜீரோவ வெறுமனே பாத்தா அது உழைச்சு அளந்ததுன்னு தெரியாது.

இதுக்கு நல்ல மருந்து பத்தின் அடுக்குல எழுதறதுதான். 1.5 × 10³ன்னா ரெண்டு, 1.50 × 10³ன்னா மூணு, 1.500 × 10³ன்னா நாலு. சிலர் 1500க்கு அப்புறம் ஒரு புள்ளி வெச்சு நாலுன்னு காட்டுவாங்க, ஆனா அது வாக்கியத்தோட முற்றுப்புள்ளியோட கலந்துடும், எனக்கு அது பிடிக்கல.

யூனிட் மாத்தினா சிக் ஃபிக் கூடுமா குறையுமா?

பெருக்கி மட்டும் மாத்துற யூனிட்னா மாறாது. 4.63 செ.மீ.யும் 0.0463 மீட்டரும் 46.3 மி.மீ.யும் ஒரே அளவு, மூணுலயும் மூணு சிக் ஃபிக். 2.5 கிலோகிராம கிராமுக்கு மாத்தி 2500ன்னு எழுதினா மட்டும் முந்தின கேள்வில சொன்ன அதே சிக்கல் வந்துடும், 2.5 × 10³ன்னு எழுதிடுங்க.

வெப்பநிலை கொஞ்சம் வேற மாதிரி, ஏன்னா அங்க கூட்டலும் இருக்கு. 25 டிகிரி செல்சியஸ கெல்வினுக்கு மாத்தினா 298, ரெண்டு மூணாயிடுச்சு, அது சரிதான், கூட்டல் ரூல் கீழ வருது. இதுல பிரபலமான தப்பு ஒண்ணு உண்டு. உடம்போட சாதாரண வெப்பநிலை 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்னு உலகமே மனப்பாடமா சொல்லுது. ஜெர்மன் டாக்டர் வுண்டர்லிஹ் 1868ல சராசரியா 37 டிகிரி செல்சியஸ்னு சொன்னார், அத அப்படியே 1.8ஆல பெருக்கி 32 கூட்டினா 98.6 வருது. செல்சியஸ்ல முழு டிகிரியா பேசிட்டிருந்த எண்ணு ஃபாரன்ஹீட்டுக்குப் போனதும் பத்துல ஒரு பங்கு டிகிரி வரைக்கும் துல்லியமா தெரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. 98.4 இருந்தா என்னவோ ஏதோன்னு பயப்படுறவங்களுக்கு இத நான் கட்டாயம் சொல்லுவேன்.

பெருக்கல் வகுத்தலுக்கு ரூல் என்ன?

இருக்கறதுலேயே சிக் ஃபிக் கம்மியா இருக்கறது எதுவோ அதே அளவு விடையிலயும். 12.5 செ.மீ. × 3.2 செ.மீ. = 40 சதுர செ.மீ., ரெண்டு சிக் ஃபிக், அதனால 4.0 × 10¹ன்னு எழுதுங்க. பலவீனமான அளவு எதுவோ அதுதான் விடைய முடிவு பண்ணும்.

கூட்டல் கழித்தலுக்கு மட்டும் ஏன் வேற ரூல்? ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறேன்

கூட்டும்போது எத்தனை இலக்கம்ங்கறது முக்கியமில்ல, எந்த இடத்துல சந்தேகம் ஆரம்பிக்குதுங்கறதுதான் முக்கியம். 150.2 கிராமோட 0.347 கிராமச் சேத்தா கால்குலேட்டர் 150.547ன்னு காட்டும். முதல் அளவுல ரெண்டாவது தசம இடத்துல என்ன இருக்குன்னே தெரியாது, தெரியாததோட 4ஐக் கூட்டினா தெரியாததுதான் வரும், அதனால 150.5. தசம இடம் யாருக்குக் கம்மியோ அவங்களோட நிறுத்தணும். இதனால இலக்கம் கூடவும் செய்யலாம், 9.8 + 9.7 = 19.5, ரெண்டும் ரெண்டும் சேந்து மூணு.

கழித்தல்ல நிலைமை தலைகீழ், இங்கதான் மனசு வலிக்கும். க்ரூசிபிள் (சூடு தாங்குற சின்னக் கிண்ணம்) காலியா 23.4528 கிராம், சாம்பலோட 23.4571 கிராம், ரெண்டுமே ஆறு சிக் ஃபிக், விலை உயர்ந்த பேலன்ஸ்ல பொறுமையா எடுத்தது. கழிச்சா 0.0043 கிராம், வெறும் ரெண்டு. கிட்டக்கிட்ட இருக்க ரெண்டு பெரிய எண்ணக் கழிச்சா உறுதியா தெரிஞ்ச இலக்கமெல்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுட்டுப் போயிடும், சந்தேகமான பகுதிதான் கைல மிஞ்சும். இதுக்கு கணக்குல பரிகாரம் கிடையாது, சாம்பல் அதிகமா கிடைக்கற மாதிரி சாம்பிள கூட்டி சோதனைய மறுபடி செய்யணும்.

ரெண்டும் கலந்து வந்தா?

ஒவ்வொரு படிக்கும் அந்தந்த ரூல். (12.47 − 12.11) × 3.852ன்னு வெச்சுக்கோங்க. அடைப்புக்குள்ள 0.36, தசம ரூல்படி ரெண்டு சிக் ஃபிக்தான் மிஞ்சுது. பெருக்கினா 1.38672, ரெண்டுக்குக் குறைச்சா 1.4. எல்லா எண்ணுலயும் நாலு இலக்கம் இருக்குன்னு பாத்துட்டு 1.387ன்னு எழுதறவங்கதான் அதிகம், கழித்தல்ல என்ன தொலைஞ்சதுன்னு அவங்க கவனிக்கல.

ஃபார்முலால 2 வருது, அதுக்கு ஒரே ஒரு சிக் ஃபிக்தானே, அப்போ விடையும் ஒரே இலக்கமா?

இல்லவே இல்ல. ஆரத்த ரெண்டால பெருக்கினா விட்டம், அந்த 2 யாரும் அளந்தது இல்ல, அது முடிவே இல்லாத ஜீரோக்களோட இருக்க 2. எண்ணி எடுத்ததும் அப்படித்தான், 12 டெஸ்ட் ட்யூப், 20 ஆட்டம், மூணு ரீடிங்கோட சராசரி எடுக்க வகுக்கற 3, எதுவுமே சிக் ஃபிக்க கட்டுப்படுத்தாது. கூட்டமா இருக்கறத குத்துமதிப்பா எண்ணினா மட்டும் அது அளவு மாதிரிதான்.

வரையறையா வெச்சதும் இதுல சேரும். ஒரு அங்குலம் சரியா 2.54 செ.மீ., 1959லேருந்து. ஒளியோட வேகம் வினாடிக்கு 299792458 மீட்டர், 1983லேருந்து இது அளவே இல்ல, மீட்டரையே இத வெச்சுத்தான் வரையறுக்கறாங்க. அவகாட்ரோ எண்ணும் பிளாங்க் மாறிலியும் 2019ல இதே மாதிரி நிலையா ஆக்கப்பட்டுடுச்சு. வட்டக் கணக்குல வர்ற பை (π) மதிப்புக்கு உங்க அளவ விட ஒண்ணு ரெண்டு இலக்கம் கூடுதலா எடுத்துக்கோங்க, கால்குலேட்டர்ல பை பட்டன் இருக்கும்போது 3.14 எதுக்கு?

நடுவுல நடுவுல ரவுண்ட் பண்ணிட்டே போனா ஈஸியா இருக்கே, என்ன கெட்டுடும்?

விடையே மாறும், பாருங்க. உருளையோட கன அளவு வேணும், அது பை × ஆரத்தோட வர்க்கம் × உயரம். விட்டம் 1.27 செ.மீ., உயரம் 4.85 செ.மீ. ஆரம் 0.635, வர்க்கம் 0.403225. கடைசி வரைக்கும் கால்குலேட்டர்லயே வெச்சுப் பெருக்கினா 6.1438, கடைசில மூணு இலக்கத்துக்கு 6.14 கன செ.மீ. இப்போ ஒவ்வொரு படிலயும் மூணு இலக்கத்துக்கு வெட்டுங்க: வர்க்கம் 0.403, அத 3.14ஆல பெருக்கி 1.27, அத 4.85ஆல பெருக்கி 6.16. நல்லா அளந்தும் கடைசி இலக்கத்துல ரெண்டு தள்ளிப்போச்சு.

எத்தனை சிக் ஃபிக் மிஞ்சுதுன்னு ஒவ்வொரு படிலயும் மனசுல குறிச்சுக்கோங்க, எண்ண மட்டும் வெட்டாதீங்க. பேப்பர்ல போடறவங்க தேவையானத விட ரெண்டு இலக்கம் கூட வெச்சுட்டுப் போங்க.

கடைசில 5 வந்தா மேலயா கீழயா? எங்க சார் இரட்டைப்படைன்னு ஏதோ சொன்னார்

அவர் சொன்னது சரி. வெட்டுற இடத்துல மிச்சம் துல்லியமா 5 மட்டும்தான்னா, முன்னாடி இருக்க இலக்கம் இரட்டைப்படையா ஆகற மாதிரி ரவுண்ட் பண்ணணும். 2.345 ஆனது 2.34, 2.355 ஆனது 2.36. 5ஐ எப்பவுமே மேல ஏத்திட்டே போனா நெறைய எண்ணக் கூட்டும்போது மொத்தம் கொஞ்சம் கொஞ்சமா மேல நகரும், பாதிய ஏத்தி பாதிய இறக்கினா அது சமமாயிடும். பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழில 2.5ஐ ரவுண்ட் பண்ணினா 2 வருதேன்னு பயந்து கேட்டவங்க உண்டு, அதுவும் இதே ரூல்தான். 5க்கு அப்புறம் பொட்டு மிச்சம் இருந்தாலும், 2.3451 மாதிரி, யோசிக்காம மேல ஏத்துங்க.

ஒரே தடவைல ரவுண்ட் பண்ணுங்க, படிப்படியா பண்ணாதீங்க. 2.3449ஐ ரெண்டு இலக்கத்துக்கு மாத்தணும்னா 2.3. அத 2.345, அப்புறம் 2.35, அப்புறம் 2.4ன்னு நகத்திட்டுப் போறவங்களப் பாத்திருக்கேன்.

பிஹெச் 3.60ன்னு புக்ல இருக்கு, கான்சன்ட்ரேஷன்ல ரெண்டு இலக்கம்தானே இருந்துச்சு, மூணு எப்படி வந்துச்சு?

பிஹெச்ங்கறது கரைசல்ல இருக்க ஹைட்ரஜன் அயனியோட கான்சன்ட்ரேஷனுக்கு (செறிவுக்கு) லாக் எடுத்து மைனஸ் போட்டது. லாக்ல புள்ளிக்கு முன்னாடி இருக்க எண் பத்தின் அடுக்கத்தான் சொல்லுது, அதாவது தசமப் புள்ளி எங்க இருக்குன்னு மட்டும். முன்னாடி வர்ற ஜீரோக்களுக்கு சொன்ன அதே காரணம், அது அளவு இல்ல, இடம். அதனால லாக்ல புள்ளிக்கு அப்புறம் இருக்கறத மட்டும் எண்ணணும். 2.5 × 10⁻⁴ல ரெண்டு சிக் ஃபிக், பிஹெச் 3.60ல புள்ளிக்கு அப்புறம் ரெண்டு, சரியா போச்சு. திருப்பிப் போட்டா, பிஹெச் 7.4ன்னு மட்டும் தெரிஞ்சா கான்சன்ட்ரேஷன் 4 × 10⁻⁸, ஒரே இலக்கம். 3.98 × 10⁻⁸ன்னு எழுதினா இல்லாததச் சொல்றீங்க.

சிக் ஃபிக் நெறைய இருந்தா அளவு சரின்னு அர்த்தமா மேம்?

இல்லம்மா. பேலன்ஸ ஜீரோ பண்ணாம விட்டுட்டு நாலு தசமம் வரைக்கும் எடுத்தாலும் நாலு தசமம் வரைக்கும் தப்புதான். சிக் ஃபிக் சொல்றது எவ்வளவு நுணுக்கமா படிச்சீங்கன்னு மட்டும், அது உண்மை மதிப்புக்குக் கிட்ட இருக்கான்னு சொல்லாது. ஸ்க்ரூ கேஜ்ல (மெல்லிசான பொருள அளக்கற கருவி) ஜீரோ எரர், அதாவது எதுவும் வைக்காதப்பவே அது ஜீரோ காட்டாம இருக்கான்னு, பாக்காம 2.37 மி.மீ.ன்னு எழுதறதும் அதே கதைதான், மூணு இலக்கமும் ஒழுங்கா இருக்கும், அளவு மட்டும் தப்பு.

பிழையோட குடுத்திருந்தா, பிளஸ் ஆர் மைனஸ் போட்டு, அப்போ எத்தனை இலக்கம்?

மொதல்ல பிழைய ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு இலக்கத்துக்குக் குறைங்க, அப்புறம் அளவ அதே தசம இடத்துல நிறுத்துங்க. 4.6278 ± 0.0312ன்னு எழுதறதுல அர்த்தமில்ல, 4.63 ± 0.03. பெரிய டேபிள்கள்ல இதையே சுருக்கி எழுதுவாங்க: ஈர்ப்பு மாறிலி 6.67430(15) × 10⁻¹¹னு இருக்கும், அடைப்புல இருக்க 15 கடைசி ரெண்டு இலக்கத்தோட பிழை, அதாவது ± 0.00015. எல்லாத்துலயும் முக்கியமான மாறிலின்னு நெனைப்போம், ஆனா அதுல நாலாவது தசமத்துலயே சந்தேகம் ஆரம்பிச்சிடுது.

1.02ஐ 9.8ஆல பெருக்கினா 9.996, ரூல்படி 10ன்னு எழுதினா துல்லியம் போயிடுதே?

நல்லா கவனிச்சிருக்கீங்க. 9.8ல கடைசி இலக்கம் ஒண்ணு மாறினா சுமார் 1 சதவீதம்தான் வித்தியாசம். ரூல்படி விடை 1.0 × 10¹, அதுல கடைசி இலக்கம் ஒண்ணு மாறினா 10 சதவீதம். நிஜமா தெரிஞ்சத விட பத்து மடங்கு கம்மியா தெரிஞ்ச மாதிரி எழுதறோம். 1.1ம் 9.9ம் ரெண்டுமே ரெண்டு சிக் ஃபிக்தான், ஆனா 0.1 முன்னபின்னங்கறது 1.1ல 9 சதவீதம், 9.9ல 1 சதவீதம். இலக்கத்த எண்ணறது பிழையோட சுருக்கெழுத்து மட்டும்தான், அதனால இந்த மாதிரி ஓரத்துல அது சறுக்கும்.

ரெக்கார்ட்லயும் ப்ராஜெக்ட்லயும் நான் 10.0ன்னு எழுதி பக்கத்துல பிழையையும் போடச் சொல்லுவேன், 10.0 ± 0.1. பரீட்சைல ரூல கேட்டா ரூல்படி 1.0 × 10¹ எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போங்க.